கெண்டையின் ஐயமும் தூண்டிலின் நயமும்

தூண்டில் போடுபவன் சோம்பேறி என்று சொல்வோர் உண்டு. ஏரிக்கரையில் மூங்கில் கழி ஒன்றை நீட்டிக்கொண்டு பகலெல்லாம் குந்தியிருப்பவனைக் கண்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் ஒரே கரையில் ஒருவர் கூடையில் மட்டும் மூன்று கெண்டைகள் துள்ளுகின்றன. ஏனைய ஒன்பது பேரும் இரையை மாற்றி மாற்றிக் கோத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகின்றனர். காரணம் கேட்டால், "அவருக்குக் கைராசி" என்பார்கள். கல்லூரியில் பயிலும் நமக்கு இந்த விடை போதுமா? கைராசி என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே விலங்கியலும் இருக்கிறது, இயற்பியலும் இருக்கிறது. அதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீனுக்கு ஐயம் உண்டு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தூண்டில்காரர்களைப் பற்றிய ஒரு காட்சியை வைத்துள்ளார். நீண்ட கழியில் நாண் கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரையைப் பொதிந்து நீரில் இடுகின்றனர். வாளை மீனோ இரையை மட்டும் கவ்விக்கொண்டு முள்ளைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அப்படித் தப்பிய மீன், கரையோரத்துப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டும் அஞ்சுகிறதாம். வாளை கெண்டை இனமன்று. ஆயினும் முள்ளால் ஒருமுறை அச்சமுற்ற மீன் பிறகு நிழலுக்கும் அஞ்சும் என்ற நுட்பத்தை இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் ஒரு புலவர் கண்டு சொல்லியிருப்பது வியப்புக்குரியது.

இதே உண்மையை 1970-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பியூக்கெமா சோதனைமூலம் நிறுவினார். குளத்தில் விட்ட சாதாக் கெண்டைகளைத் தூண்டிலில் பிடித்து, அடையாளமிட்டு, மீண்டும் அதே நீரில் விட்டார். ஒருமுறை முள்ளில் மாட்டிய மீன் மறுமுறை மாட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓராண்டு கழிந்த பின்னும் அந்த எச்சரிக்கை முழுதும் மறையவில்லை. மீனுக்கு நினைவாற்றல் கிடையாது என்று நாம் வேடிக்கையாகப் பேசுவதெல்லாம் கெண்டையிடம் செல்லாது. கோயில் குளங்களில் பொரிக்குக் கூட்டமாக வந்து நம் கால்விரல் வரை முட்டுகின்ற மீன்களைப் பாருங்கள். அவற்றுக்கு ஐயம் இல்லை. ஏனெனில் அங்கே யாரும் முள் வைப்பதில்லை. ஐயம் என்பது பெரும்பாலும் கற்றுக்கொண்ட குணம்.

ஆகவே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி, "எந்த இரை சிறந்தது?" என்பதன்று. "இந்த நீரில் உள்ள மீன் எதை நம்புகிறது? எதைக் கண்டு வெருள்கிறது?" என்பதே.

எந்தக் கெண்டை?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் (2019-ல் விழுப்புரத்தினின்று பிரிந்தது) நமக்கு இரண்டு வகை நீர்நிலைகள் உண்டு. ஒன்று, தியாகதுருகத்தைச் சுற்றிலும் ஊருக்கு ஊர் இருக்கும் மழைநீர் ஏரிகள். ஐப்பசி கார்த்திகையில் நிறைந்து, கோடையில் பெரும்பாலும் வற்றிவிடும். மற்றொன்று, கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீரைத் தேக்கும் அணைகள். கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணை 46 அடியும், மணிமுக்தா அணை 36 அடியும் நீர்மட்டம் கொண்டவை. ஏரி மீனுக்கு வயது குறைவு, அனுபவமும் குறைவு. அணை மீனோ வலைக்கும் முள்ளுக்கும் பலமுறை தப்பி வளர்ந்த கிழட்டு மீனாக இருக்கக்கூடும். இவ்விரண்டையும் ஒரே முறையில் பிடிக்க எண்ணுவது, முதலாண்டு மாணவனுக்கும் பேராசிரியருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுப்பது போன்றது.

இந்நீர்நிலைகளில் இன்று காணப்படும் பெருங்கெண்டைகளில் பல வந்தேறிகளே. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடநாட்டுப் பேராறுகளுக்கு உரியவை. தேங்கிய குளத்தில் இவை தாமாக முட்டையிடுவதில்லை. அதனால் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பொறுக்கியே ஒரு காலத்தில் குளங்களில் விட்டனர். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்பவர் அலிகுன்ஹியுடன் இணைந்து, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இம்மீன்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டார். இன்று நம்மூர் ஏரியில் கட்லாக் குஞ்சு விடுகிறார்கள் என்றால் அந்த ஊசியின் பயனே அது. சாதாக் கெண்டை இன்னும் தொலைவிலிருந்து வந்தது. அதன் ஒரு வகை 1939-ல் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்கும், மற்றொரு வகை 1957-ல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கும் கொண்டுவரப்பட்டது. புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் 1959-ல் வந்தன. நம் சொந்தக் குடிகளான சேலும் சிறுகெண்டைகளும் இவற்றின் நடுவே வாழ்கின்றன. 'ஜிலேபிக் கெண்டை' என்று சந்தையில் கூவி விற்கப்படுவது கெண்டையே அன்று. அது திலேப்பியா. அதைப் பிடிக்க இக்கட்டுரை தேவையில்லை. எதைப் போட்டாலும் கடிக்கும்.

தூண்டில்காரன் முதலில் பார்க்கவேண்டியது மீனின் வாய். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும், தலை பெரிது, மீசை இல்லை. அது மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளை உண்பது. ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கியது. உதடுகளில் குஞ்சம் வைத்தாற்போன்ற விளிம்பு உண்டு. அது இடைமட்டத்தில் பாசியும் அழுகிய தழையும் மேயும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமட்டத்தில் சேற்றைக் கிளறுபவை. சாதாக் கெண்டைக்கு இரண்டு இணை மீசைகள் உண்டு. மேல்நோக்கிய வாயுடைய மீனுக்கு இரையைச் சேற்றில் புதைத்து வைத்துவிட்டு, "இந்த ஏரியில் கட்லாவே இல்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. வெள்ளிக்கெண்டை கண்ணுக்குத் தெரியாத பாசியை வடிகட்டி உண்பது; தூண்டிலுக்கு அரிதாகவே வரும். அதை விட்டுவிடுவோம்.

மீன் எப்படி அறிகிறது?

கெண்டை இனத்துக்கு இயற்கை ஒரு தனிச் சலுகை அளித்துள்ளது. அதன் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சங்கிலிபோல் சிறு எலும்புகள் கோத்திருக்கின்றன. 1820-ல் இவற்றை விவரித்த ஜெர்மானியரின் பெயரால் வெபர் எலும்புகள் என வழங்குகின்றன. நீரில் எழும் அதிர்வைக் காற்றுப்பை ஒரு பறைபோல் வாங்கி இவ்வெலும்புகள் வழியே செவிக்கு அனுப்புகிறது. ஆகவே கெண்டையின் செவி பல மீன்களின் செவியைவிடக் கூரியது. உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடோ அருகில் நீர் அசைவதைத் தொட்டறிவதுபோல் உணரும்.

இங்கே ஒரு பொதுவான தவற்றைத் திருத்தவேண்டும். கரையில் பேசினால் மீன் ஓடிவிடும் என்று பெரியவர்கள் நம் வாயைப் பொத்துவார்கள். காற்றில் எழும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டுப் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே நுழைகிறது. பேச்சு அவ்வளவாகக் கெடுதி செய்யாது. கெடுதி செய்வது காலடி. ஏரிக்கரை மண்ணில் திம் திம்மென்று நடந்தால், மண்ணும் நீரும் ஒட்டியிருப்பதால் அதிர்வு நேரே உள்ளே போய்விடும். வாளியைக் கல்லின்மேல் வைக்கும் ஓசையும், கழியைத் தரையில் தட்டும் ஓசையும் அத்தகையனவே. இனி ஏரிக்கரையில் தாராளமாக அரசியல் பேசலாம். செருப்பை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் பேசவும்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். பெண்களின் கண்ணுக்குக் கெண்டையை உவமை சொன்ன புலவர்கள் கெண்டையின் கண் எப்படிப் பார்க்கிறது என்று சொல்லவில்லை. அதை இயற்பியல் சொல்கிறது. ஒளிக்கதிர் காற்றிலிருந்து நீருக்குள் புகும்போது வளைவதால், மீனுக்கு மேலுலகம் முழுவதும் தன் தலைக்கு மேல் உள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே தெரிகிறது. அச்சாளரத்தின் கோணம் ஏறக்குறைய 97 பாகை. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அடித்தளத்தையே பிரதிபலிக்கும். தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்கும் பொருள்கள் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி, தெளிவின்றித் தெரியும். கரையின் உச்சியில் வெள்ளை வேட்டியோடு நின்றால் மீனுக்கு நாம் கொடிக்கம்பம். கரைச்சரிவில் புதரையொட்டிக் குந்தினால் நாம் வெறும் விளிம்பு. சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் நமக்கு முன்னால் நீரில் விழும். பெரும்பாணாற்றுப்படை மீன் அஞ்சியது அந்த நிழலுக்கே.

அடுத்தது சுவையும் மணமும். கெண்டைக்கு நாக்கினால் மட்டும் சுவையறிதல் என்பதில்லை. சுவை மொட்டுகள் உதட்டிலும் மீசையிலும் உண்டு. வாய்க்குள் எடுக்கும் முன்பே அது ருசி பார்த்துவிடுகிறது. புரதம் சிதையும்போது வெளிப்படும் அமினோ அமிலங்கள் நீரில் கரைந்து வந்தால் அவற்றைத் தேடிச் செல்லும். பிண்ணாக்கும் மண்புழுவும் ஈர்ப்பது இதனால்தான். புகையிலை கசக்கிய கையும், சோப்புப் போட்ட கையும், மண்ணெண்ணெய் பட்ட கையும் இரையின்மேல் வேறொரு சேதியை எழுதிவிடுகின்றன. அந்த ஏரிச் சேற்றிலேயே கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு இரையைப் பிசைவது பழைய தூண்டில்காரர்களின் வழக்கம். நல்ல வழக்கம்.

கடைசியாக அச்சத்தின் மணம். தேனீக்களின் நடனத்தைக் கண்டறிந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், 1938-ல் கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு மீனிடம் வேறொன்றைக் கண்டார். அம்மீனின் தோல் காயமுற்றால் அதிலிருந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அதை உணர்ந்த மற்ற மீன்கள் கூட்டமாக வெருண்டு விலகுகின்றன. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளியது. பிடித்த மீனைத் தூண்டில் போடும் இடத்திலேயே செதில் உரித்துக் கழுவாதீர்கள். அவ்வாறு செய்துவிட்டு, "ஒன்று கிடைத்தது, அப்புறம் கடியே இல்லை" என்று அலுத்துக்கொள்வோர் பலர்.

இரை

கெண்டைக்குத் தாடையில் பல் இல்லை; இரைப்பையும் இல்லை. பல் தொண்டைக்குள் இருக்கிறது. விராலைப்போல ஒரே பாய்ச்சலில் விழுங்கிவிட்டு நாளெல்லாம் ஓய்ந்திருக்க அதனால் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் மேய்ந்துகொண்டே இருக்கவேண்டும். இதுதான் தூண்டில்காரனின் நல்வாய்ப்பு. ஆனால் அது மேயும் முறை அவனுக்கு எதிரானது. வாயைக் குழாய்போல் நீட்டி நீரோடு இரையை உறிஞ்சும். வாய்க்குள் உருட்டிச் சோதிக்கும். பிடிக்காததை 'தூ' என்று ஊதித் தள்ளிவிடும். சாதாக் கெண்டையின் மேலண்ணத்தில் இதற்கென்றே தசைப்பற்றுள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. சேற்றை வாய்நிறைய எடுத்து, புழுவை மட்டும் நிறுத்திக்கொண்டு மண்ணைத் துப்பவல்லது அது. மண்ணையும் புழுவையும் பிரிப்பதற்கு முள்ளையும் மாவையும் பிரிப்பது எம்மாத்திரம்?

ஆகவே இரையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் விதி பழக்கம். குத்தகை எடுத்தவர் தீவனம் போட்டு வளர்க்கும் ஏரியா என்று விசாரியுங்கள். கூட்டு மீன்வளர்ப்பில் வழக்கமாகப் போடுவது அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சமபங்கு. அந்த ஏரியில் மீனுக்குத் தாய்ப்பால் மாதிரி அது. அங்கே ஏலக்காயும் வெனிலாவும் கலந்த மாவைக் கொண்டுபோவது வீண் செலவு. கடைகளில் சிறு குப்பிகளில் விற்கும் 'மீன் மயக்கி' எசன்சுகளைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. மணம் மீனை அருகே அழைத்துவரலாம். வந்த மீன் வாயில் எடுப்பதும் துப்புவதும் வேறு காரணங்களைப் பொறுத்தவை.

தீவனம் போடாத ஏரியில் மண்புழுவுக்கு நிகர் ஏதுமில்லை. மழை பெய்து புது வெள்ளம் வாய்க்கால் வழியே ஏரிக்குள் விழும் இடத்தில் புழுக்களும் பூச்சிகளும் அடித்துக்கொண்டு வரும். ரோகுவும் சேலும் அங்கே முகாம் போட்டிருக்கும். அந்நேரத்தில் மாவு உருண்டையைத் தொடவேண்டாம், புழுவே போதும். ஆனால் புழுவுக்கு ஒரு குறை உண்டு. எல்லோருக்கும் அது பிடிக்கும். சிறுகெண்டையும் ஜிலேபியும் நண்டும் ஐந்து நிமிடத்தில் முள்ளை மொட்டையாக்கிவிடும்.

இந்தச் சில்லறைத் திருடர்களை ஒதுக்குவதற்குத்தான் கடினமான இரை தேவைப்படுகிறது. நம் பகுதியில் விளையும் மக்காச்சோளமும், கடையில் கிடைக்கும் கொண்டைக்கடலையும் இதற்கு ஏற்றவை. ஓர் இரவு முழுவதும் ஊறவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு வேகவைக்க வேண்டும். ஊறாத தானியத்தைத் தூவினால் அது மீனின் குடலில் போய் உப்பித் தீங்கு செய்யும். கல்வராயன் மலையிலும் கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை. வெந்த கிழங்கைச் சிறு கட்டிகளாக நறுக்கினால் முள்ளில் நிற்கும். வெள்ளையாக இருப்பதால் கலங்கிய நீரிலும் தெரியும். ஆனால் ஒன்று. ஏரி மீனுக்கு மக்காச்சோளம் இன்னதென்று தெரியாது. மூன்று நான்கு நாள் ஒரே இடத்தில் ஒரே வேளையில் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினால் தெரிந்துகொள்ளும். முதல் நாளே முள்ளோடு கொடுத்தால் அறிமுகமும் துரோகமும் ஒரே நாளில் நடந்துவிடும்.

மாவு இரைக்கு என் கணக்கு இது: வறுத்துப் பொடித்த கடலைப் பிண்ணாக்கு ஒரு பங்கு, சலித்த தவிடு ஒரு பங்கு, பிடிப்புக்குக் கோதுமை மாவு அரைப் பங்கு, கொஞ்சம் வெல்லக் கரைசல். கட்லாவுக்கு இதைத் தளர்வாகப் பிசையவேண்டும். நீரில் மெல்லக் கரைந்து மேகம்போல் பரவினால்தான் அது வாய்திறந்து வரும். இரை நீர்ப்பரப்பிலிருந்து இரண்டு மூன்றடிக்குக் கீழே தொங்கினால் போதும். மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும் இறுக்கமாகப் பிசைந்து ஆவியில் வேகவைக்கலாம். இங்கிலாந்தில் 1970-களில் ஃபிரெட் வில்டன் முதலான தூண்டில் வல்லுநர்கள் முட்டையும் மாவும் பிசைந்து உருட்டி, கொதிநீரில் இட்டு, மேல்தோல் கெட்டிப்பட எடுக்கும் ஓர் இரையைப் பரப்பினர். 'பாய்லி' என்று அதற்குப் பெயர். சிறுமீன் கொத்தமுடியாத தோல், பெரிய மீன் விரும்பும் உள்ளீடு. நம் வீட்டுக் கொழுக்கட்டைக்கு முட்டை சேர்த்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

புல்கெண்டைக்கு இவையெல்லாம் இரண்டாம் பட்சம். கோரைத் தளிரையோ, வேலம்பாசியையோ, மக்காச்சோளத்தின் இளம் இலையையோ முள்ளில் சுருட்டி ஈயமின்றி மிதக்கவிட்டால் வரும். வங்காளத்தில் ரோகுவுக்கு எறும்பு முட்டையை ரொட்டியோடு பிசைந்து வைப்பது புகழ்பெற்ற முறை. கையில் கடி வாங்கத் துணிந்தவர்கள் இங்கும் செய்து பார்க்கலாம்.

இரை பற்றிய ஆராய்ச்சி புதிதன்று. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் (1126-1138) பெயரில் வழங்கும் 'மானசோல்லாசம்' என்னும் வடமொழிக் கலைக்களஞ்சியத்தில் மீன்பிடி விளையாட்டுக்கென ஒரு பகுதியே உள்ளது. மீன் வகை, அதற்கேற்ற உணவு, தூண்டில் ஆகியவற்றை அது வரிசைப்படுத்துகிறது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், நம் நாட்டுக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டும் 1887-ல் ஒரு தனி நூலே எழுதினார். அரசனும் அதிகாரியும் பொழுதுபோக்கிய அதே கலையால்தான் நம்மூரில் கூலிவேலை இல்லாத நாளில் ஒரு குடும்பத்துக்குக் குழம்பு கிடைக்கிறது.

இடும் முறை

மீன் இரையை உறிஞ்சும்போது என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் தூவிக்கிடக்கும் பருக்கைகள் லேசாக எழும்பி வாய்க்குள் போகின்றன. நம் பருக்கை மட்டும் முள்ளின் கனத்தால் எழாமல் கிடக்கிறது, அல்லது நரம்பின் விறைப்பால் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஐயப்படும் கெண்டைக்கு அதுவே போதும். எனவே இடும் முறையின் சாரம், முள்ளுள்ள இரை முள்ளில்லாத இரையைப்போலவே நடந்துகொள்ளச் செய்வது. பத்தில் ஒன்பது பேர் தோற்பது இரையில் அன்று, இந்த இடத்தில்தான்.

முதலில் முள். பெரிய மீனுக்குப் பெரிய முள் என்பது பலருடைய கருத்து. கெண்டையின் உதடு மென்மையானது. கூரான சிறுமுள்ளே அதற்குப் போதும். கூர் இருக்கிறதா என்று கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பார்க்கவேண்டும். வழுக்கினால் அரத்தில் தீட்டவேண்டும். அடுத்தது தங்கூசி நரம்பு. தடித்த நரம்பு நீரில் கம்பிபோல் நிற்கும். தெளிந்த அணை நீரில் 0.25 மில்லிமீட்டர் அளவு மெல்லிய நரம்பே பொருந்தும். மெல்லிய நரம்பில் பெரிய மீனை வெடுக்கென்று தூக்கமுடியாது. கழியை வளையவிட்டு, ஓடவிட்டு, களைக்கச் செய்துதான் கரைசேர்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

பிறகு தக்கையும் ஈயமும். செருப்புத் துண்டையும் பெரிய தெர்மோகோல் உருண்டையையும் தக்கையாகக் கட்டுவதைப் பார்க்கிறோம். மீன் இழுக்கும்போது அது நீரில் அமிழ மறுத்து எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பை உணர்ந்ததும் மீன் துப்பிவிடும். மயிலிறகுத் தண்டோ மெல்லிய நெட்டித் துண்டோ சிறந்தது. ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தக்கையின் நுனி மட்டும் ஒரு விரற்கடை வெளியே தெரியுமாறு நிறுத்திவிட்டால், கெண்டையின் மூச்சுக்கூடத் தக்கையில் தெரியும். அடிமட்ட மீனுக்கு ஒரு சிறு ஈயத்தை முள்ளிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளித் தரையில் படுமாறு வைக்கலாம். மிர்கால் தலைகுனிந்து இரையை எடுத்து நிமிரும்போது ஈயமும் உயரும். பாரம் நீங்கிய தக்கை மேலெழுந்து நீரில் படுத்துக்கொள்ளும். தக்கை உள்ளே போகவேண்டும் என்று காத்திருப்பவர்கள் இந்தக் கடியைத் தவறவிடுகிறார்கள். படுத்த தக்கையே சைகை. அப்போதே மணிக்கட்டை மட்டும் சுண்டவேண்டும்.

ஐயத்தின் எல்லையில் நிற்கும் மீனுக்கு ஒரு நுணுக்கம் சொல்கிறேன். 1980-ஐ ஒட்டி இங்கிலாந்தில் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இருவர் புகழ்பெறச் செய்தது இது. 'மயிர்க்கட்டு' என்று நாம் தமிழில் சொல்லலாம். இரையை முள்ளில் குத்துவதே இல்லை. முள்ளின் வளைவிலிருந்து மிக மெல்லிய நூல் ஒன்றை ஒரு விரற்கடை நீளம் தொங்கவிட்டு, அதன் நுனியில் இரையைக் கட்டுவது. முள் வெறுமையாக அருகே கிடக்கிறது. மீன் இரையைச் சோதிக்கிறது. அது மென்மையாக, சுதந்திரமாக அசைகிறது. நம்பி உறிஞ்சும்போது முள்ளும் பின்னாலேயே வாய்க்குள் போகிறது. துப்பும்போது இரை வெளியேறும். வெறும் முள்ளின் கூர் உதட்டில் பதிந்துவிடும். தையல் நூலும் ஊசியும் இருந்தால் வெந்த கொண்டைக்கடலையைக் கோத்து இதை வீட்டிலேயே செய்துவிடலாம். கடலையோடு ஒரு சிறு நெட்டித் துண்டையும் சேர்த்துக் கோத்தால் முள்ளின் கனம் ஈடாகி, தூவிய கடலையைப்போலவே லேசாக எழும்பும். முள்ளை மறைப்பதே தூண்டில் கலை என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எண்ணியிருந்த மனிதன், முள்ளைத் திறந்துவைத்தே ஏமாற்றக் கற்றுக்கொண்டது சமீபத்தில்தான்.

வேளையும் இடமும்

விடியற்காலையே மீன்பிடிக்கச் சிறந்தது என்பது எல்லா நீருக்கும் பொருந்தாது. பாசி பிடித்துப் பச்சையாக இருக்கும் ஏரியில் இரவெல்லாம் பாசியும் சுவாசித்துப் பிராணவாயுவைக் குடித்துவிடும். விடியும்போது அது மிகவும் குறைந்திருக்கும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். மூச்சுக்குத் தவிக்கும் மீன் இரைக்கு வருமா? வெயில் ஏறி இரண்டு மூன்று மணிநேரம் கழித்தும், மாலை நான்கு மணிக்கு மேலும் அங்கே நல்ல வேளை. தெளிந்த அணை நீரில் விடியற்காலையே நன்று. மார்கழி, தை மாதங்களில் மலையடிவாரத்து நீர் குளிர்ந்து மீனின் பசி மந்தமாகும். அப்போது இரை சிறிதாகவும், தூவுவது மிகக் குறைவாகவும் இருக்கவேண்டும்.

காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் மிதவைத் தீனியும் சேரும், மீனும் சேரும். முகத்தில் காற்று அடிக்கிறதே என்று எதிர்க்கரைக்குப் போவது நமக்குச் சுகம்; மீனுக்கும் சுகம்.

தூவும் தீனியில் அளவு முக்கியம். தவிட்டையும் பிண்ணாக்கையும் அந்த ஏரி மண்ணோடு பிசைந்து ஆரஞ்சுப்பழ அளவு உருண்டைகள் நான்கைந்து போதும். வங்காளிகள் இதைச் 'சார்' என்று அழைத்துப் பெரிய சடங்காகவே செய்வர். மூட்டையாகக் கொட்டினால் மீன் வயிறு நிரம்பிப் போய்விடும். மிச்சம் அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் கெடுக்கும்.

இத்தனையும் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஏரிகளும் அணைகளும் பெரும்பாலும் மீன் குத்தகைக்கு உட்பட்டவை. குஞ்சு வாங்கி விட்டவருடைய முதல் அதில் நீந்துகிறது. அவரிடமோ உரிய அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டுதான் தூண்டில் போடவேண்டும். கேட்டால் பலர் மறுப்பதில்லை. அவர்களுக்கு உண்மையான எதிரி தூண்டில்காரன் அல்லன். தோட்டா வீசுபவனும், நஞ்சு கலப்பவனும், மின்கம்பியை நீரில் விடுபவனும்தான். வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. ஆயினும் ஓயவில்லை. ஒரு தோட்டா பிடிக்கவேண்டிய மீனோடு விரல்நீளக் குஞ்சுகளையும் கொன்று அடியில் அமிழ்த்திவிடுகிறது. மின்சாரமோ மீனையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இவ்வழிகளில் இறங்குவோரிடம் காரணம் கேட்டால், "தூண்டிலில் எங்கே மாட்டுகிறது?" என்பார்கள். மாட்டும் என்று காட்டுவதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதலாயிற்று.

பிடித்ததைச் சமைப்பது பற்றி ஒன்று. கோடையில் வற்றும் ஏரியின் கெண்டையில் மண்வாடை வீசுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சேற்றிலும் பாசியிலும் வாழும் சில நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள்தான் அவ்வாடைக்குக் காரணம். முதல் மழையில் எழும் மண்வாசனையும் அதுவே. புளிப்பு அதைச் சிதைக்கும். கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவிய மீனைப் புளிக்கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டுக் குழம்பில் போட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும். இதை எந்த விஞ்ஞானியிடமும் கேட்காமலேயே நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள்.